‘மூடி எங்கே?’ என்று நான்கு முறை கேட்டவருக்கு

பாவூர்சத்திரத்துப் பஞ்சாலையின் பாவை விளக்கே! நூல் சுற்றும் கதிர்களின் இரைச்சலையும் கடந்தொலித்த கணீர்க் குரலே! நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியின் மேஸ்திரியே, எங்கள் ஆனந்தவள்ளி அக்காவே! வணக்கம்.

இன்று ஓய்வு பெறும் உங்கள் முப்பதாண்டு உழைப்பை முத்தே, மணியே என்று மெழுகி முடிக்க மனம் வரவில்லை. நடந்ததைச் சொல்வதே நாங்கள் செய்யும் மரியாதை.

சென்ற ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், துடைக்கக் கழற்றிய பல்சக்கர மூடிகளை யாரும் திருப்பி மாட்டவில்லை. மாரித்தாயின் துப்பட்டா உள்ளே போனது. நீங்கள் பாய்ந்து எந்திரத்தை நிறுத்தினீர்கள். ஒரு நகம் போனதோடு அவள் தப்பினாள். நிர்வாகத்திடம் மூடிகளைக் கேட்டோம். மாட்ட நிறுத்தினால் உற்பத்தி கெடும், பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

பூஜையன்று எந்திர வாழ்த்துப் பாடுவது நம் ஆலை வழக்கம். எழுதும் பொறுப்பு சோதனைக்கூடத்துச் சுஜிதாவுக்கு வந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். கோபத்தில் எதுகையும் மோனையும் அவளுக்குத் தாமாக வந்து விழுந்தன.

சுற்றும் கதிரே, சோர்வறியாத் தேரே!
பற்றும் பஞ்சை நூலாக்கும் சீரே!
மூடி எங்கே?

கண்ணிகள் நான்கு, நான்கின் முடிவிலும் அதே கேள்வி.

பூஜைக்கு முன் பாட்டை வாங்கிப் பார்த்த மேலாளர் முத்துராமலிங்கம், திருத்தப் பேனாவைத் திறந்தார். “சந்தமெல்லாம் ஜோரா இருக்கும்மா. ஆனா சொன்னதையே சொல்லுதியே? கடைசில ஒரு தடவை போதும்.”

ஒருமுறை வந்தால் அலங்காரம், நான்குமுறை வந்தால் புகார். அது அவருக்கும் தெரியும் என்பதுதான் சுஜிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

நீங்கள் கையை நீட்டினீர்கள். “ஏட்டி, தாளை இங்கன குடு. மெஷினு எட்டு மணி நேரமும் ஒரே தாளந்தான் போடுது, நாம கேக்கோம். சாருக்கு நாலு தடவைல காது வலிச்சிருமாக்கும்?”

பூஜையில் எழுதியபடியே பாடினீர்கள். முதல் கண்ணிக்குச் சிரித்தார்கள். இரண்டாவதில் சிரிப்பு நின்றது. மூன்றாவதில் மாரித்தாய் சேர்ந்துகொண்டாள். நான்காவதில் ஷெட்டே ஒரே குரலில் கேட்டது.

தீபாராதனை முடிந்ததும் மூத்த கைதான் சுவிட்சைப் போட வேண்டும். நீங்களோ கையைக் கட்டிக்கொண்டீர்கள்.

“கேட்டாச்சு சார். பதில் வரட்டும்.”

எந்திரங்கள் சந்தனப் பொட்டோடு சும்மா நின்றன. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், கடைசியில் ஃபிட்டர் காமராஜ் அண்ணாச்சியைப் பார்த்துத் தலையசைத்தார். கிடங்கிலிருந்து மூடிகள் வந்தன. கடைசித் திருகும் இறுகிய பிறகே சுவிட்சைப் போட்டீர்கள்.

நிர்வாகத்தின் சான்றிதழ் உங்களுக்கு வரவில்லை. போகட்டும்! அதை மாட்ட வேண்டிய ஆணியில் இந்த மடலை மாட்டுங்கள். இனிச் சாரல் காலத்தில் லீவு கேட்டு எவர் முன்பும் நிற்காமல், குற்றாலத்து ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்து, நூறாண்டு நோயின்றி வாழ்க!

பத்து விரலும் முழுதாய் உள்ள கைகளைக் கூப்பி,
ரிங் பிரேம் பகுதிப் பெண்கள்.