ஊர்க் கொசு

வெள்ளறடையிலிருந்து பாறசாலைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"உங்க வீட்டு அண்ணன் உகாண்டாவுக்கு வேலைக்குப் போயாச்சா, அக்கா?" என்று இளையவள் கேட்டாள்.

"எங்க போக? ஆஸ்பத்திரியில கெடக்காரு. டெங்கு ஆக்கும். இப்பம் பரவாயில்ல."

"போறதுக்கு முந்தி ஊசி போட்டாருல்லா?"

"அது அங்க உள்ள மஞ்சள் காய்ச்சலுக்கு. கொசுவலையும் வாங்கிப் பெட்டியில பத்திரமா வச்சாரு. இங்க, நம்ம ரப்பர் மரத்துல பால் பிடிக்குற சிரட்டையில கெட்டிக் கெடந்த மழைத்தண்ணியில இருந்து வந்த கொசு கடிச்சுப் போட்டு."

"அப்பம் வேலை?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"வேலை போவல்ல மக்கா. சுகமாயிட்டு வந்தா போரும்ணு அங்க உள்ள முதலாளி சொல்லிட்டாரு. அவரும் நம்ம கேரளம் பாக்க வாறதா இருந்தாரு. இப்பம் போன் பண்ணிக் கேக்காரு, உங்க ஊருக்கு வாறதுக்கு என்ன ஊசி போடணும்ணு."