முன்கூடம் நிற்கிறது

முழங்கால் வலிக்கிறது, மேடம். உட்கார்ந்துகொண்டே சொல்கிறேன். பழைய கட்டடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு முதலில் தேய்வது முழங்கால்தான். நாள் முழுவதும் சாரத்தில் ஏறி இறங்க வேண்டும். டீ வேண்டாம், தண்ணீர் போதும்.

என் பெயர் ஸுப்ரஜா. இதே ஸ்ரீபெரும்புதூர்தான். அப்பா கோவில் கைங்கர்யத்தில் இருந்தார். நான் கட்டடக் கலை படித்தேன். பழைய கட்டடங்களைச் சீர் செய்து மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவருவது என் தொழில். கடைத்தெருச் சத்திரத்தில் நடக்கும் வேலை என் பொறுப்பு. அதன் பின்கட்டுச் சுவர் விழுந்து சமையல்காரர் இசக்கியப்பன் இறந்துபோனதற்காகக் கொத்தனார் தாவீதைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். மாடியில் செங்கல்லை அடுக்கியதால் பாரம் தாங்காமல் சுவர் விழுந்தது என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அது சரியில்லை. அந்தச் சுவர் அதைப்போல மூன்று மடங்கு பாரம் தாங்கும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

சத்திரம் உங்களுக்குத் தெரியும். தினமும் அதைத் தாண்டித்தான் ஜீப்பில் போகிறீர்கள். முன்னால் கல்தூண்கள் வைத்த கூடம், நடுவில் முற்றம், பின்னால் சமையல்கட்டு. உற்சவத்துக்கு வருகிறவர்கள் லாட்ஜுகளில் தங்க ஆரம்பித்த பிறகு கூடம் வெறும் கிடங்காகிவிட்டது. சிமெண்ட் மூட்டை, பந்தல் சாமான், தேர்தல் வந்தால் தட்டிகள். சத்திரத்துக்குச் சொந்தக்காரர்களான டிரஸ்ட்காரர்கள் மொத்தத்தையும் இடித்துவிட்டு காம்ப்ளெக்ஸ் கட்ட நினைத்தார்கள். நான் தடுத்தேன். எத்தனை அலுவலகம், எத்தனை பெஞ்சு, எத்தனை ‘நாளைக்கு வாங்க’. அந்த வருஷங்களில் நான் வேறு எதுவுமே செய்யவில்லை. கல்யாணப் பேச்சு வந்ததும் நின்றதும்கூட எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

கடைசியில் பிரவீன்குமார் வந்தார். மறைமலை நகரில் இரண்டு பெரிய கட்டடங்கள் கட்டியவர். அவருடைய திட்டம் நியாயமானது. முன்கூடத்தை அப்படியே புதுப்பித்து அதில் காபிக் கடையும் பட்டுக் கடையும் வைப்பது. பின்கட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதுக் கட்டடம். கீழே கடைகள், அதற்கு மேல் அலுவலகங்கள், உச்சியில் ஒரகடம் கம்பெனிகளுக்கு வரும் கொரிய, ஜப்பானிய எஞ்சினியர்கள் தங்க அறைகள். புதியது சம்பாதிக்கும், பழையது நிற்கும். வேறு எந்த வழியிலும் பழைய கட்டடம் எதுவும் நின்று நான் பார்த்ததில்லை.

பின்கட்டில் இந்திராணி அக்காவின் மெஸ் இருந்தது. வல்லம் வடகாலில் அவர்கள் நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு இங்கே வாடகைக்கு வந்து அடுப்பு மூட்டியவர். ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகளும் ஷிப்டு முடிந்து வருகிற பிள்ளைகளும் அங்கேதான் சாப்பிடுவார்கள். நானும் அங்கேதான். மிச்சம் இல்லை என்று ஒருநாள்கூட அவர் என்னிடம் சொன்னதில்லை. எனக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருப்பார். சமையல் இசக்கியப்பன். தெற்கத்திக்காரர், அதிகம் பேசாதவர். விடியலில் எழுந்து சமைப்பதால் மதியம் அடுப்படிச் சுவரோரம் மடக்குக் கட்டிலைப் போட்டுத் தூங்குவார்.

காலி செய்யச் சொன்னபோது அக்கா கோர்ட்டுக்குப் போனார். கட்டடம் ஆபத்தான நிலையில் இருந்தால் ஒழிய அவரை வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வந்தது. கட்டடம் உறுதியாக இருக்கிறது என்பதற்கு அவருடைய வக்கீல் காட்டியது என் அறிக்கையைத்தான். சத்திரத்தை இடிக்க விடாமல் தடுக்க நான் முன்பு எழுதிக் கொடுத்தது. அதில் பொய் எதுவும் இல்லை. சுவர் நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அலுப்பு வந்தது.

ஐப்பசியில் பிரவீன்குமார் என்னைக் கூப்பிட்டுப் பேசினார்.

“மேடம், பொங்கலுக்குள்ள பின்னாடி க்ளியர் ஆகலன்னா இன்வெஸ்டர் போயிடுவாரு. அவர் போனா நானும் கெளம்பிடுவேன். அப்புறம் ட்ரஸ்ட்காரங்க ஜேசிபிய எறக்கிடுவாங்க. உங்க தூணெல்லாம் எவனோ ஒருத்தன் பண்ணை வூட்டுத் தோட்டத்துல நிக்கும்.”

அவர் மிரட்டவில்லை. நடக்கப்போவதைச் சொன்னார். அவரும் களைத்துத்தான் இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலையாட்கள் இல்லை. நான் பின்கட்டு மாடிக்குப் போனேன். மழைத்தண்ணீர் இறங்குவதற்கு அங்கே ஒரே ஒரு குழாய்தான். ஒரு சாக்கைச் சுருட்டி அதன் வாயில் திணித்து மேலே கொஞ்சம் சிமெண்ட் பூசினேன். பிறகு சுவரின் உச்சியில் இருந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்துக்கரண்டியால் சுரண்டி எடுத்தேன். சிரமமான வேலை இல்லை. அந்தச் சுவர் வெளியே செங்கல், உள்ளே மண். தலை நனையாமல் இருந்தால் அது எவ்வளவு காலம் வேண்டுமானாலும் நிற்கும்.

சுவர் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஈரம் இறங்கும், பூச்சு உதிரும், அவர்களாகவே பயந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அது நடந்திருக்க வேண்டியதுதான். ஆனால் அவர்கள் பயப்படவில்லை. ஈரம் பரவியதும் அக்கா ஒரு தார்ப்பாயை வாங்கி வந்து உள்பக்கம் கட்டினார். பூச்சு உதிர்ந்ததும் அண்டாக்களை இந்தப் பக்கம் நகர்த்திவைத்தார். ஏழைகள் பொறுத்துக்கொள்வதில் எவ்வளவு தூரம் போவார்கள் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அதை என் பிழை என்று ஒப்புக்கொள்கிறேன்.

மழை நின்று நின்று பெய்தது. தாவீது ஒருமுறை மாடியில் தண்ணீர் தேங்குவதாகச் சொன்னார். நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவரை முன்கூடத்துத் தரை வேலைக்கு அனுப்பினேன். நான் சொன்னால் அவர் மறுபேச்சு பேச மாட்டார்.

அன்று காலை மெஸ்ஸுக்குப் போனபோது தார்ப்பாய் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. விலக்கிப் பார்த்தேன். சுவர் நடுவில் வீங்கியிருந்தது. கையை வைத்தேன். உள்ளே மண் கரைந்து கீழே உட்கார்ந்துவிட்டது என்று கைக்கே தெரிந்தது. இந்த வேலையில் இவ்வளவு காலம் இருந்தால் தெரியும். இன்றைக்கோ நாளைக்கோ என்ற நிலை.

அக்கா என் பின்னால் வந்து நின்றார்.

“இன்னாம்மா, இப்டி உப்பிக்கினு கீது? பயம் ஒண்ணும் இல்லியே?”

“பழைய சுவர்னா தண்ணி குடிக்கும்க்கா. வெயில் வந்தா காஞ்சிடும்.”

“நீ சொன்னா சரிதாம்மா. நீ படிச்சவ. குந்து, பொங்கல் சூடா கீது.”

உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் அன்றைக்கே காலி செய்திருப்பார்கள், நீ விரும்பியதும் அதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். சொன்னால் நகராட்சி எஞ்சினியர் வருவார். மாடி ஏறுவார். உறுதியான சுவர் ஒரே மழைக்காலத்தில் எப்படி இந்தக் கதிக்கு வந்தது என்று குழாயைப் பார்ப்பார். என்மேல் சந்தேகம் விழுந்தால் என்னை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் முன்கூடம் யார் கைக்குப் போகும்? அதை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். என்னைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அங்கே நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு நான் கூடத்தில் இருந்தேன். இசக்கியப்பன் முற்றத்தைக் கடந்து கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கால் துடைத்துவிட்டுத்தான் படி ஏறினார். ஒரு தூணுக்குப் பக்கத்தில் கட்டிலை விரிக்கப் போனார்.

“எம்மா, அந்தச் செவரு பக்கத்துல படுக்க மனசுக்குச் சரியாப் படல. நான் இங்கன செத்த நேரம் படுத்துக்கிடட்டா?”

கூடத்தில் தாவீது முதல்நாள்தான் சுண்ணாம்புத் தரை போட்டு முடித்திருந்தார். தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல வந்திருந்தது. இன்னும் இறுகவில்லை. கட்டிலின் இரும்புக் கால் பட்டால் குழி விழும். குழி விழுந்தால் ஒட்டுப்போட முடியாது, முழுத்தரையையும் பெயர்க்க வேண்டும். எனக்கு அப்போது அது மட்டும்தான் கண்ணில் தெரிந்தது.

“இங்க தரை காயல அண்ணாச்சி, கால் பதிஞ்சிடும். சுவரை நான் காலைலயே பாத்துட்டேன், ஒண்ணும் ஆகாது. உள்ளயே படுங்க.”

“நீங்க பாத்தாச்சா? அப்பம் சரி.”

கட்டிலை மடக்கினார். தன் கால்தடம் தரையில் பட்டிருக்கிறதா என்று திரும்பிக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

சத்தம் பெரிதாக இல்லை. நனைந்த மண் விழும் சத்தம் அப்படித்தான் இருக்கும், யாரோ மூட்டையை இறக்கிப் போட்டது போல. நான் எழுந்து நின்றேன். முதலில் தூண்களைப் பார்த்தேன், மேலே உத்தரங்களைப் பார்த்தேன். எதிலும் விரிசல் இல்லை. அதற்குப் பிறகுதான் பின்பக்கம் ஓடினேன். இடையில் எவ்வளவு நேரம் போனது என்று எனக்குத் தெரியாது. அவரை வெளியே எடுத்தபோது மூச்சு இருந்தது என்று கடைக்காரர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

சாக்குத்துண்டு இடிபாட்டுக்குள் இருக்கும். குழாயின் மேல் துண்டோடு சேர்ந்தே கிடக்கும், ஆள் விட்டுத் தேடச் சொல்லுங்கள்.

பிரவீன்குமார் மறுநாள் வந்தார். இடிபாட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு, பின்பக்கம் இனி யாரும் இருக்க முடியாது, வேலையைத் தொடங்கலாம் என்றார். கோர்ட் உத்தரவில் சொன்னபடி கட்டடம் இப்போது ஆபத்தானதுதான். முன்கூடம் நிற்கிறது. இனி அதை யாரும் தொட மாட்டார்கள். எனக்குப் பின்னாலும் நூறு வருஷம் நிற்கும். நடந்ததை முழுவதுமாக வைத்துப் பார்த்தால் இதில் ஒரு நல்லதும் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

தாவீதை விட்டுவிடுங்கள். கூடத்தின் மேற்கு மூலையில் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கிறது, அவரைத் தவிர வேறு ஆள் கை வைத்தால் கெட்டுவிடும்.

ஆஸ்பத்திரியில் இந்திராணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, “நீ இன்னாம்மா பண்ணுவ? நீ பாத்துட்டுத்தான சொன்ன. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல, மனச வுட்றாத” என்று எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். மெஸ் போய்விட்டது, சமையல்காரர் போய்விட்டார். அந்த நிலையிலும் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள், மேடம். இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். அவர் மனம் நோகும்படி நான் இதுவரை எதுவும் செய்ததில்லை.