எல்லாம் பாஸ்

— அந்தத் தொண்ணூறு செகண்டு எதுக்குன்னுதானே கேக்குறேன். நீங்க எழுதின ஃபைல்தான? நடுவுல "தொண்ணூறு செகண்டு சும்மா இரு"ன்னு ஒரு வரி. எதுக்கு?

— அது இருந்தா ஓடும். எடுத்தா ஓடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— பதினோரு வருஷமா ஒரு கம்பெனியே உங்க ஃபைலை நம்பி இருக்கு. எழுதினவருக்கே ஏன்னு தெரியல.

— ஓடுதுல்ல?

— நாப்பத்திரண்டு நிமிஷம் ஓடுது. அதுவும் ஆபீஸ் வரவேற்பு மேஜைக்கு அடியில இருக்குற அந்தப் பழைய கம்ப்யூட்டர்லதான் ஓடுமாம். அந்தப் பொண்ணு அது மேலதான் காலை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.

— ஏம்மா, சனிக்கிழமை காலையும் அதுவுமா சாப்பாட்டு மேஜை பூரா கம்ப்யூட்டரை விரிச்சுவெச்சுக்கிட்டு என்ன சண்டை? நான் காய் நறுக்க வேணாமா?

— சண்டை இல்ல அத்தை. உங்க பையனும் நானும் துணி துவைக்கிற மெஷினுக்கு ப்ரோக்ராம் எழுதுறோம்ல? ஆளாளுக்குத் துண்டு துண்டா எழுதுறதை எல்லாம் ஒண்ணாச் சேர்த்து, மெஷினுக்குள்ள போற மாதிரி கட்டிக் குடுக்க ஒரு ஏற்பாடு வேணும். அதுக்குப் பேரு பில்டு. இப்ப இருக்கறது உங்க பையன் கட்டினது. அதைத் தூக்கிட்டு வேற ஒண்ணுக்கு மாத்துற பொறுப்பை என்கிட்ட குடுத்திருக்காங்க. திங்கக்கிழமை பழசை நிறுத்தியாகணும்.

— வீடு மாத்துறோம்னு சொல்லு.

— அதேதான். ஆனா வீட்டுக்காரர் ஒரு சாமானைத் தொட விடமாட்டேங்கறார்.

— நான் எங்க தடுத்தேன்? எல்லாத்தையும் எடுத்துக்கோ.

— மூணு மாசமா தடுக்கறீங்க. முதல் மாசம் பாஸ்வேர்டு மறந்துபோச்சு. ரெண்டாவது மாசம் முதுகுவலி. போன வாரம் மீட்டிங்ல அத்தனை பேர் முன்னாடி, "என்ன அவசரம், இன்னும் ஒரு வருஷம் போகட்டும்"னு பேசறீங்க. கட்டின பொண்டாட்டி ப்ராஜெக்டுக்கு!

— டேய், பொறாமையாடா?

— அம்மா, நீ காயை நறுக்கு.

— மேஜையைக் குடுத்தாத்தானே நறுக்க?

— பொறாமைதான் அத்தை. தான் கட்டினதை இவ கலைக்கறதாங்கற எண்ணம்.

— தாராளமா கலைச்சுக்கோ. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். கடைசியில அந்த டெஸ்ட் பகுதி இருக்குல்ல, அதை மட்டும் காப்பி பண்ணி அப்படியே போட்டுடு.

— அது ஏன்?

— அது பாட்டுக்கு இருக்கு. அதைப் போய் எதுக்குச் சீண்டணும்?

— டெஸ்டுன்னா பரீட்சையா?

— ஆமா அத்தை, ப்ரோக்ராமுக்குப் பரீட்சை. கம்பளித் துணின்னு பட்டனை அழுத்தினா பச்சைத் தண்ணி வருதா, கதவு திறந்திருந்தா தண்ணி விடாம இருக்குதா, இப்படி அறுநூத்திப் பன்னெண்டு கேள்வி. எல்லாம் பாஸானாத்தான் மெஷினுக்குப் போகும். அத்தனையையும் நான் புதுசுல சேர்த்துட்டேன். இதோ, ஓடிக்கிட்டிருக்கு.

— ஐயையோ, ஓட்டிட்டியா? நிறுத்து, நிறுத்து!

— ஏன் பதறறீங்க? முடிஞ்சே போச்சு. மூணு நிமிஷம் நாப்பது செகண்டு! இப்பவாவது ஒத்துக்கோங்க, என்னோட... இது என்னங்க இது?

— என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?

— சிவப்பா வருது அத்தை. இருநூத்திப் பதினாலு ஃபெயில்.

— அப்ப புதுசு சரியில்ல. மூடி வை. தள்ளிப்போடலாம்னு நானே மேனேஜர்கிட்ட பேசறேன். உனக்கு ஒரு கெட்ட பேரும் வராது.

— இருங்க, படிக்கறேன். கம்பளின்னு அழுத்தினா வெந்நீர் வருதாம்.

— வெந்நீரா? நம்ம வீட்டு மெஷினும் உங்க கம்பெனிதுதானே?

— ஆமா அத்தை.

— என் கம்பளிச் சட்டை பொம்மைக்குப் போடற அளவுக்குச் சுருங்கி வந்துச்சே! அன்னிக்கு ரெண்டு பேரும் என்னை என்ன சொன்னீங்க? அம்மாவுக்குக் கண்ணு சரியில்ல, பட்டனை மாத்தி அழுத்திட்டாங்கன்னு சொல்லி கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனீங்க!

— அப்ப இந்த ஃபெயில் நிஜம்தான். புதுசு பொய் சொல்லல. பழசு எப்படி பாஸ்னு சொல்லிச்சு? நகருங்க, உங்க ஃபைலைப் பார்க்கணும்.

— வேணாமே. பசிக்குது. சாப்பிட்டுட்டுப் பார்ப்போம்.

— நகருங்கன்னா! டெஸ்ட் பகுதி... டெஸ்ட் பகுதி... இது டெஸ்டையே கூப்பிடலைங்க. இங்க இருக்கறது ஒரே ஒரு வரி. "எல்லாம் பாஸ்"னு திரையில எழுது. அவ்வளவுதான்! ஒரு டெஸ்டு கூட ஓடல!

— பரீட்சை வைக்காமலே பாஸா? முப்பத்திரண்டு வருஷம் பரீட்சை ஹால்ல மேற்பார்வை பார்த்தவடா நான். காப்பியடிச்சவனைப் பிடிச்சிருக்கேன், பிட்டு கொண்டுவந்தவனைப் பிடிச்சிருக்கேன். ஹாலுக்கே வராம தனக்குத் தானே பாஸ் போட்டுக்கிட்டவனைப் பார்த்ததே இல்ல. நீதானாடா அது?

— நான் இல்லம்மா! ஃபைல் என்னுது, அந்த வரி என்னுது இல்ல. எனக்கப்புறம் வந்தவங்களும் அதுல கை வெச்சிருக்காங்க. இது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி போட்டது. யாரு, என்னிக்குப் போட்டாங்கன்னு எல்லாம் பதிவுல இருக்கும்.

— அப்ப யாருன்னு உங்களுக்குத் தெரியும்.

— மூணு மாசத்துக்கு முன்னாடிதான் பார்த்தேன். உனக்குப் பொறுப்பைக் குடுத்த அன்னிக்கு, உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு திறந்து படிச்சேன். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு.

— பட்டதும் வாயை மூடிக்கிட்டீங்க! அதான் பாஸ்வேர்டு மறந்துச்சா? அதான் முதுகு வலிச்சுதா? யாரைக் காப்பாத்தறீங்க? உங்ககூட டீ குடிக்க வருவாரே, மீட்டிங்ல தூங்கி வழியற அந்தக் குறட்டை மன்னனையா?

— பாவம், அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

— இப்பவே மேனேஜருக்கு எழுதறேன். "பழைய பில்டில் பெரிய மோசடி ஒன்றைக் கண்டுபிடித்துள்ளேன். செய்தவர் பெயரைத் திங்கட்கிழமை அனைவர் முன்னிலையிலும் திரையில் காட்டுவேன்." டீம் முழுசுக்கும் நகல்.

— அனுப்பாத. ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளு. அந்த ஆள் புதுசா சேர்ந்தவரா இருந்திருக்கலாம். மறுநாள் மேலதிகாரிங்களுக்கு மெஷினை ஓட்டிக் காட்டவேண்டி இருந்திருக்கும். டெஸ்டு ஃபெயிலாகியிருக்கும். ரெண்டு நாளைக்கு மட்டும்னு போட்டு, சரி பண்ண மறந்திருக்கலாம். ரொம்ப நல்ல மனசு உள்ளவங்களா கூட இருக்கலாம்.

— நல்ல மனசா? எத்தனை வீட்டுல கம்பளி சுருங்கியிருக்கு! எத்தனை மாமியாரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பாங்க!

— அப்படிக் கேளும்மா!

— அனுப்பிட்டேன்.

— அனுப்பிட்டியா?

— நாப்பத்தாறு பேருக்கு.

— ஒரு தடவை என்கிட்ட கேட்டிருக்கலாமே...

— ஏன்டா இடிஞ்சு போய் உக்காந்திருக்க? இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் வேலை குடுத்தவங்களைச் சொல்லணும். அந்தப் பதிவைத் திற. அந்த அழகான பேரை நான் என் காதால கேக்கணும்.

— அம்மா, நீ உள்ள போயேன்.

— எதுக்கு அத்தையை விரட்டறீங்க? சட்டை அவங்களுது. அவங்க முன்னாடியே சத்தமாப் படிங்க.

— சரி, படிக்கறேன். உன் பேருதான் இருக்கு. உங்கப்பா இனிஷியலோட. அப்ப நமக்குக் கல்யாணம் ஆகல.