ஆறு கட்டிலுக்கு ஒரு பிராசஸர்

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் கோழி அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். யஸ்வந்த் வந்த ஒவ்வொரு தடவையும் அடித்திருக்கிறேன். பிராய்லர் இல்லை, நாட்டுக்கோழி. ஒருநாளும் அவரை 'வா' என்றதில்லை, 'வாங்க' என்றுதான் கூப்பிட்டேன். ஆகவே எனக்கு மாப்பிள்ளைமேல் ஏதோ பகை இருந்ததாக இன்ஸ்பெக்டர் எழுதி வைத்திருப்பது சரியல்ல. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

என் பெயர் கோபிகிருஷ்ணன். சொந்த ஊர் நகரிப் பக்கம். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு, பில்லில் இங்கிலீஷ். தொண்ணூறுகளில் டெல்லிக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டு வெளிநாட்டுச் சாமான்கள் உள்ளே வர ஆரம்பித்தபோது, மெட்ராஸிலிருந்து பாகம் பாகமாக வாங்கி வந்து சித்தூரில் கம்ப்யூட்டர் பூட்டிக்கொடுத்தவன் நான். அந்தக் காலத்தில் ஜனங்கள் கோயிலுக்கு அடுத்தபடியாகச் செருப்பைக் கழற்றியது என் கடை வாசலில்தான். ஏசி அறை, தூசு ஆகாது என்று சொல்லியிருந்தேன். கோயிலிலாவது சிலர் வேண்டிக்கொள்ளாமல் வருவார்கள். என் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கைகட்டிக் கேட்டார்கள்.

பிறகு எல்லார் வீட்டிலும் ஒருவன் பெங்களூருக்குப் போனான். போனவன் பொங்கலுக்கு வந்து, "இதெல்லாம் பழசு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். அதற்கும் எனக்குக் கோபமில்லை. என் மகள் கீர்த்தியையே பெங்களூர் மாப்பிள்ளைக்குத்தான் கொடுத்தேன். யஸ்வந்துக்குப் புத்தூர். அவர் வேலை பார்த்த கம்பெனி ஆள் குறைத்தபோது கீர்த்தியைக் கூட்டிக்கொண்டு திருப்பதிக்கு வந்து, கன்சல்டன்ட் என்று கார்டு அடித்துக்கொண்டார். கடை கிடையாது, ஆள் கிடையாது. ஒரு லேப்டாப், ஒரு பைக், அந்தக் கார்டு. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. கோழி அடித்தேன்.

சித்தூரில் டாக்டர் கல்பனா ஒரு நர்ஸிங் ஹோம் நடத்தினார். பிரிண்டர், யுபிஎஸ், கேமரா எல்லாம் நான் போட்டது. அவர் புதிதாக ஆறு கட்டிலில் ஐசியு திறந்தார். ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும் இதயத் துடிப்பைக் காட்டும் மானிட்டர் இருக்கும். ஆறையும் நர்ஸ் மேஜையில் ஒரே திரையில் காட்ட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். எந்த பிராசஸர் போடலாம் என்று என்னைக் கேட்டார். சர்வர் பிராசஸர் என்றேன்.

காரணம் இருக்கிறது. சர்வர் பிராசஸர் ஒரே நேரத்தில் பல பேருக்கு வேலை செய்யும், வருஷக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும். முக்கியமாக, அதற்குப் போடும் மெமரி தனக்குள் வரும் பிழையைத் தானே பிடித்துத் திருத்திக்கொள்ளும். நாம் வீட்டில் வைக்கும் டெஸ்க்டாப்பில் அது கிடையாது. டாக்டரம்மா தலையாட்டினார். அப்புறம், "மீ அல்லுடு பெங்களூருல இதே வேலைதான பார்த்தாரு? அவரையும் ஒரு வார்த்த கேட்டுடலாமே" என்றார். மாப்பிள்ளையை நானே போன் செய்து வரவழைத்தேன். பகை உள்ளவன் வரவழைப்பானா?

டாக்டரம்மாவின் அறையில் எல்லாரும் இருந்தோம். தலைமை நர்ஸ் ரூபாவும் இருந்தாள். யஸ்வந்த் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"மேடம், மாமா சொல்றது தப்பு இல்ல. ஆனா சர்வர் பிராசஸரு திருமலைக்குப் போற பஸ்ஸு மாதிரி. அம்பது பேர ஏத்திக்கினு மெல்லமா ஏறும். உங்ககிட்ட கீறது ஆறு பேரு. ஜீப்பு போதும். சீக்கிரமாவும் போவும்." என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "மாமாவுக்கு பஸ்ஸு ஓட்டணும்னு ஆச."

டாக்டரம்மா சிரித்தார். ரூபா சிரித்தாள். டீ கொண்டுவந்த ஆயாம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை ஜோக் சொன்னால் மாமனார் சிரிப்பதுதான் மரியாதை.

டெஸ்க்டாப் வாங்கினார்கள். யஸ்வந்த் தன் கையாலேயே பூட்டினார்.

அது ஓடியது. அக்னி வெயிலில் ஓடியது, மழையில் ஓடியது. மாங்காய் சீசனில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகள் எல்லாம் சேர்ந்து கரண்டை உறிஞ்சி ஊரே இருட்டாகக் கிடந்தபோதும் யுபிஎஸ்ஸில் ஓடியது. ஒருதரம்கூட நிற்கவில்லை. நான் பிரிண்டர் பார்க்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். பச்சைக் கோடுகள் ஆறு, துள்ளித் துள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். "மாப்பிள்ள போட்டது சூப்பரா ஓடுதுங்க" என்று வாட்ச்மேன் ரங்கன் என்னிடம் சொன்னான். பிரசவ வார்டில் மாமனாரிடம் சொல்வதுபோலச் சொன்னான்.

இந்த இடத்தில் நீங்கள் தயவுசெய்து நியாயமாக யோசிக்க வேண்டும். ஒரு பொருள் என்றாவது கெட்டுப்போகும் என்று தொழில் தெரிந்தவன் எச்சரித்திருக்கிறான். அது கெட்டுப்போகாமல் இருந்தால், அந்த எச்சரிக்கைக்கு என்ன மதிப்பு? ஆபத்து இருந்தது. அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியவைப்பது என் பொறுப்பு என்று எனக்குப் பட்டது. டாக்டரம்மா வாயால், 'கோபி, நீங்க சொன்னது சரி' என்று ஒரு வார்த்தை வந்தால் திருமலைக்கு வந்து மொட்டை போடுகிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டேன். அவர் எவ்வளவோ பேருடைய முடியை எவ்வெவற்றுக்கோ வாங்கிக்கொள்கிறார்.

என் கடை டிராயரில் ஒரு கெட்ட மெமரி இருந்தது. குளிர்ச்சியாக இருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும், சூடேறினால் தடுமாறும். ஒரு மத்தியானம் பிரிண்டர் ரோலர் மாற்றப் போனபோது அதைச் சட்டைப் பையில் எடுத்துப்போனேன். தூசு ஊத வேண்டும், கொஞ்ச நேரம் அணைக்கிறேன் என்று ரூபாவிடம் சொன்னேன். மாப்பிள்ளை போட்ட மெமரியைக் கழற்றி இதைப் போட்டேன். பல் பிடுங்குவதைவிடச் சுலபம்.

முதல் கட்டிலில் துலுக்காணம் என்று ஒருவர் படுத்திருந்தார். புத்தலப்பட்டுக்காரர், கூழ் ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கிறவர். நெஞ்சுவலி என்று வந்து தேறிக்கொண்டிருந்தார். அவர் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா நைனா, பொட்டியப் பிரிச்சிப் போட்டுக்கினு கீற?"

"தூசு தொடைக்கிறேன்."

"நல்லாத் தொட. என் நெஞ்சு அதுலதான் ஓடிக்கினு கீதாம், நர்ஸம்மா சொல்லிச்சி. நீ பாட்டுக்கு நிறுத்திப்புட்டு பூடாத." சொல்லிவிட்டு அவரே சிரித்தார், சிரித்ததில் இருமல் வந்தது. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். நல்ல மனிதர்.

மறுநாள் திரை உறைந்து நின்றது. ரூபா அணைத்துப் போட்டாள், சரியானது. அடுத்த நாளும் நின்றது. யஸ்வந்த் திருப்பதியிலிருந்து பாகாலா வழியாக பைக்கில் அடித்துப் பிடித்து வந்து, நாள் முழுக்க உட்கார்ந்து சாஃப்ட்வேரை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. தான் போட்ட மெமரிமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. வியர்த்துப்போயிருந்த அவருக்கு நான் ஒரு சோடா வாங்கிக்கொடுத்தேன்.

"மாமா, ஒண்ணும் புரியல" என்றார்.

"வயசு கீது, கத்துக்குவீங்க" என்றேன்.

அன்றே அதை எடுத்திருக்கலாம். எடுக்கலாம் என்று நினைக்கவும் நினைத்தேன். ஆனால் டாக்டரம்மா இன்னும் சொல்லவில்லை. அவர் அன்று ஹைதராபாத் போயிருந்தார்.

நோயாளிகள் தூங்க வேண்டும் என்று கட்டில் பக்கத்து மானிட்டர்களின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ஏதாவது என்றால் நர்ஸ் மேஜைக் கம்ப்யூட்டர்தான் கத்த வேண்டும். இது உங்களுக்குத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். தெரியும். அந்த ஸ்பீக்கரை வைத்துக் கொடுத்ததே நான்தான். நல்ல ஸ்பீக்கர்.

அடுத்த நாள் காலையில் அது மூன்றாம் தடவையாக நின்றது. இந்தத் தடவை யாரும் கவனிக்கவில்லை. திரை அணைந்திருந்தால் கவனித்திருப்பார்கள். அணையவில்லை. எந்த நொடியில் உறைந்ததோ அந்த நொடியின் கோடுகளோடும் எண்களோடும் அப்படியே நின்றது. துலுக்காணத்தின் துடிப்பு எழுபத்தெட்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. நல்ல எண். ரூபா கடைசிக் கட்டிலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு ஒரு கிழவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். துலுக்காணத்தின் பெண்டாட்டி செல்லியம்மா கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். அவள் பிறகு எல்லாரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கோடு வளஞ்சி வளஞ்சித்தான இருந்திச்சி? நேரா பூட்டாத்தான செத்துட்டாங்கன்னு சினிமால காட்டுவாங்க? வளஞ்சிதான கீதுன்னு நான் குந்திக்கினு இட்லி துன்னுக்கினு இருந்தன்."

நான் அப்போது கடையில் இருந்தேன். டாக்டரம்மா போன் செய்தார். எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "கோபி, நீங்க சொன்னத நான் கேட்டிருக்கணும்." நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. நோயாளி ஒருவர் இறந்துபோன விஷயம் அதற்கு அடுத்த வாக்கியத்தில்தான் வந்தது. இரண்டையும் வந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டேன்.

என்னைத்தான் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். போலீஸ் முன்னால், துலுக்காணத்தின் உறவுக்காரர்கள் முன்னால் திறந்தேன். மெமரியை எடுத்துக் காட்டினேன். இது சூடானால் பிழை செய்யும், டெஸ்க்டாப் பிராசஸர் அந்தப் பிழையைப் பிடிக்காது, சர்வர் பிராசஸராக இருந்தால் பிடித்திருக்கும் என்றேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. யஸ்வந்த் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாமா, இது நான் போட்டது இல்ல."

"மனசு கலங்கிக் கீறீங்க மாப்பிள்ள. வீட்டுக்குப் போயி பேசிக்கலாம்" என்றேன்.

வீட்டுக்குப் போக விடவில்லை. உறவுக்காரர்கள் வாசலிலேயே மாப்பிள்ளையை அடித்தார்கள். போலீஸ்தான் மீட்டு, கேஸ் போட்டு, ஜெயிலுக்கு அனுப்பியது. அவருடைய வலது கை மூன்று இடத்தில் முறிந்துவிட்டது. இனி ஸ்குரூ டிரைவர் பிடிக்க வராது என்றார்கள். கன்சல்டன்டுக்கு ஸ்குரூ டிரைவர் அவ்வளவாகத் தேவைப்படாது.

நான் திருமலைக்குப் போய் மொட்டை போட்டுவந்தேன். வேண்டுதலைத் தள்ளிப்போடுவது குடும்பத்துக்கு ஆகாது. துலுக்காணத்துக்காகப் போட்டுக்கொண்டேன் என்று ஊரில் நினைத்தார்கள். காரியத்துக்குப் போயிருந்தபோது செல்லியம்மா என் தலையைப் பார்த்து, "பெத்த புள்ளகூட இப்படிச் செய்யாது சாமி" என்று அழுதாள். மறுத்துப் பேசி அவளை மேலும் நோகடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கீர்த்தி வந்தாள். "நைனா, அவரு அதப் போட்டிருக்க மாட்டாரு. நீ போயி ஒரு வார்த்த சொல்லு" என்றாள். தொழில் விஷயத்தில் பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கேட்டேன். சாப்பிடாமல் எழுந்து போனாள்.

போனவள் நேராக நர்ஸிங் ஹோமுக்குப் போய், டாக்டரம்மாவிடம் அழுது கேட்டு, ஐசியு கேமராவின் பதிவு முழுவதையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நாள் கணக்கில். அந்தப் பொறுமை என்னிடமிருந்து வந்தது. மற்ற கடைக்காரன் என்றால் சின்ன டிஸ்க்காகப் போட்டிருப்பான், பதிவு அழிந்துபோயிருக்கும். நான் பெரிய டிஸ்க் போட்டிருந்தேன். மற்றவன் கேமராவில் முகம் களிமண்ணாகத் தெரியும். என் கேமராவில் என் விரல் தெரிந்தது, விரலில் மோதிரம் தெரிந்தது, துலுக்காணம் சிரித்தது தெரிந்தது. சரக்கில் நான் ஏமாற்றியதில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? கழற்றிய நல்ல மெமரியை என் கடைக் கம்ப்யூட்டரிலேயே போலீஸ் கண்டுபிடித்தது. நல்ல பொருளைத் தூக்கிப் போட எனக்குக் கை வராது.

கீர்த்தி ஒரே ஒரு தடவை ஸ்டேஷனுக்கு வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒருவாட்டி தோத்துட்டா இன்னா நைனா?" என்று கேட்டாள்.

"தோத்தாத்தானே?" என்றேன்.

அதற்கப்புறம் வரவில்லை. சின்ன வயது, கோபம் ஆறும்.

ஆக, செய்தது நான்தான். நானே போட்டேன், எடுக்க நாள் இருந்தும் எடுக்கவில்லை, கை முறிந்த மாப்பிள்ளைக்கு எதிராக வாக்குமூலமும் கொடுத்தேன். நேற்று இதையெல்லாம் வரிவிடாமல் எழுதிக்கொண்டவர் ஏட்டு கிருஷ்ணப்பா. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், இன்ஸ்பெக்டர் வெளியே போயிருந்த நேரத்தில், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். அவர் மகள் திருப்பதியில் இன்ஜினியரிங் சேரப்போகிறாளாம்.

"பாப்பாவுக்கு கம்ப்யூட்டர் வாங்கணும் சார். நீங்க சொல்றதப் பார்த்தா சர்வர் பிராசஸரே போட்டுடலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் வீண். ஒரு ஆள் குந்தி வேல செய்றதுக்கு டெஸ்க்டாப் தாராளமா போதும். வேகமும் அதுலதான் ஜாஸ்தி. யார் வந்து சொன்னாலும் ஏமாந்துபோவாத."

கிருஷ்ணப்பா பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ அந்த ஆஸ்பத்திரிக்கு?"

"ஆறு கட்டில்தான? அதுக்கும் டெஸ்க்டாப்பே போதும்" என்றேன். "மாப்பிள்ள சரியாத்தான் சொன்னாரு. எனக்கு அன்னிக்கே தெரியும்."

இதையும் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அது தொழில் விஷயம், கேஸுக்குச் சம்பந்தமில்லை என்றேன்.