எலிவேட்டருக்கு ரெண்டு பூட்டு

...அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன்! காலையிலேர்ந்து ஆளாளுக்கு வந்து 'லோடு எப்போ, லோடு எப்போ'ன்னா நான் என்ன மடியிலயா கட்டி வச்சிருக்கேன்? எனக்கு எடைமேடை. லாரி ஏறும், எடை காட்டும், சீட்டு அடிச்சுக் குடுப்பேன். அதோட என் சோலி முடிஞ்சுது. தீவனம் மேலேர்ந்து கொட்டினாத்தானே உங்க வண்டி ரொம்பும்? சரக்கு மேல போனாத்தானே கொட்டும்? மேல கொண்டுபோறது எது? அதோ... அந்த ஒசரமான தகரக் கூண்டு. எலிவேட்டர். காலையிலேர்ந்து அசையாம நிக்குது. உக்காருங்க. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் ஓடிடவா போகுது?

என்னது, லிப்ட்டா? அய்ய... புதுசா நீங்க? அதான பாத்தேன். மனுஷன் ஏறுறது இல்ல தம்பி அது. உள்ளுக்குள்ள ஒரு நீளப் பெல்ட்டு. பெல்ட்டு முழுக்க வாளி வாளியா மாட்டியிருக்கும். கீழ குழியில மக்காச்சோளம், தவிடு, புண்ணாக்கு எல்லாம் கொட்டுவாங்க. அடிப்பெட்டியில வாளி ஒவ்வொண்ணும் முங்கி, மொண்டுக்கிட்டு, நேரா ஏறி, உச்சியில போய்க் கவுத்துட்டு, காலியா இறங்கி வரும். திரும்ப முங்கும். நாள் பூரா அதேதான். நம்ம வீட்டு வேலை மாதிரி. என்ன, அதுக்கு ஒரு மோட்டார் இருக்கு.

கெட்டுப்போச்சான்னா கேக்கறீங்க? காலையில யாரைக் கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பாங்க. பூட்டு, தம்பி, பூட்டு! மெயின் சுவிட்சுல ரெண்டு பூட்டு தொங்குச்சு. இங்க ஒரு சட்டம். எவன் மெஷினுக்குள்ள கைய விடுறானோ அவன் தன் சொந்தப் பூட்டை சுவிட்சுல மாட்டிட்டுத்தான் விடணும். சாவி அவன் பாக்கெட்டுல. அவனே வந்து தொறந்தாத்தான் கரண்டு. நல்ல சட்டம்தான், இல்லேங்கல. கை போனா வருமா? ஆனா மாட்டினவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் 'நகர மாட்டேன்', இன்னொருத்தர் 'கீழ வர மாட்டேன்'னு நின்னா? மேனேஜர் வந்து குதிச்சாரு, 'பூட்டை ஒடைங்க'ன்னாரு. 'ஒடைக்கக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினதே நீங்கதானே சார்'னு எலக்ட்ரீசியன் சொன்னாரு. மனுஷன் போர்டைப் பாத்தாரு, வானத்தைப் பாத்தாரு, உள்ள போய் மாத்திரை போட்டுக்கிட்டாரு. வானம் வேற இருட்டிக்கிட்டு வருது. சோளம் ஏழு லாரி தார்ப்பாய் போட்டு நிக்குது. நனைஞ்சா ஒரே நாள்ல பூசணம்.

யாரு அந்த ரெண்டு பேரா? ம்ஹூம்... கேட்டுட்டீங்க. ஒண்ணு என் வீட்டுக்காரர். இன்னொண்ணு எங்க அண்ணன். கூடப்பொறந்த அண்ணன்! என் தலையெழுத்தைப் பாருங்க.

இவரு அடிப்பெட்டிக்கு ஃபோர்மேன். அண்ணன் உச்சிக்கு ஃபோர்மேன். ஒருத்தர் கீழ கொட்டணும், இன்னொருத்தர் மேல வாங்கணும், நடுவுல ஒரே பெல்ட்டு. சேர்ந்து டீ குடிக்கறதென்ன, ஒரே வண்டியில வர்றதென்ன, மாப்ள-மச்சான்னா இப்படி இருக்கணும்னு ஊரே கண்ணு வச்சுது. போன மழைக்கு முன்னாடி ஒருநா பெல்ட்டு ஒரு பக்கமா ஒதுங்கி, தகரத்துல ஒரசி, ரப்பர் கருகி ஒரே நாத்தம். மேனேஜர் 'யாரோட தப்பு?'ன்னு கேட்டாரு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெரலை நீட்டினாங்க. இவரு மேல காட்டினாரு, 'அங்க சக்கரம் கோணல்'. அவரு கீழ காட்டினாரு, 'இங்க அளவில்லாமக் கொட்டுறான்'. அன்னிக்கு நின்னது பேச்சு.

வீட்டுலயாவது நிம்மதியாங்கறீங்களா? அங்கயும் அதே கூத்துதான். மாடியில அண்ணன், கீழ நாங்க. தண்ணி மோட்டாருக்கு சுவிட்ச் எங்க சமையக்கட்டுல, டேங்கு அவங்க தலைக்கு மேல. ரொம்பிடுச்சுன்னா மேலேர்ந்து ஒரு கொரல் குடுக்கணும். குடுக்க மாட்டாரு! தண்ணி வழிஞ்சு, கொடியில காயப்போட்ட துணியெல்லாம் திரும்ப சொட்டச் சொட்ட... எங்க அண்ணி பாவம், வாயத் தொறந்தா புருஷன் மொறைப்பாருன்னு கரண்டியால தட்டைத் தட்டுவா. நான் அடுப்பை விட்டுட்டு ஓடணும்.

இதுல நடுவுல மாட்டினது யாரு? நான்! இந்த ரூம்ல வாக்கி-டாக்கி இருக்கு பாருங்க, இது பெரிய செட்டு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டும் இதுலதான் வந்து விழும். அண்ணன் மேலேர்ந்து 'அந்தாளுகிட்டச் சொல்லு'ம்பாரு. இவரு கீழேர்ந்து 'உங்கண்ணன்கிட்டச் சொல்லு'ம்பாரு. எனக்கென்ன, சொல்லுவேன். ஆனா தம்பி, அண்ணன் பேசுறது சவசவன்னு இருக்கும். 'கொஞ்சம் நிதானமாக் கொட்டச் சொல்லும்மா'ம்பாரு. இதை அப்படியே போய்ச் சொன்னா எங்க வீட்டுக்காரருக்கு ஒறைக்குமா? அதனால, 'கண்ணு என்ன பொடனியிலயா இருக்குன்னு கேக்கறாரு'ம்பேன். வேலை நடக்கணும்ல? இவரு, 'சரி, பாத்துக்கறேன்னு சொல்லு'ம்பாரு. நான், 'பாத்துக்கறாராம், உங்களையும் சேத்துப் பாத்துக்கறாராம்'னு... ஒரு அழுத்தம் குடுத்துச் சொல்லுவேன். அவ்வளவுதான். நான் பாட்டுக்கு உப்புச் சப்பில்லாம ஒப்பிச்சா, வாக்கி எதுக்கு, நான் எதுக்கு?

கைக்கடியாரத்தைப் பாக்காதீங்க. வர்றேன், இன்னிக்குக் கதைக்குத்தான் வர்றேன்.

காலையில அடிப்பெட்டியில சரக்கு அடைச்சு பெல்ட்டு சிக்கிக்கிச்சு. நிறுத்தியாச்சு. இவரு பூட்டை மாட்டிட்டு, அடிப்பெட்டிக் கதவைக் கழட்டி, பாதி ஒடம்பை உள்ள விட்டு மண்வெட்டியால வாரிக்கிட்டிருக்காரு. அண்ணனும் பூட்டை மாட்டிட்டு, சக்கரத்தைப் பாக்கறேன்னு உச்சிக்கு ஏறினாரு. முட்டிவலி வேற. கொஞ்ச நேரத்துல வாக்கியில அண்ணன். 'அந்தாளை அங்கேர்ந்து நகரச் சொல்லும்மா. அவன் அங்க நிக்கற வரைக்கும் நான் சாவியோட கீழ வர மாட்டேன்'னாரு. கொரலே ஒரு மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்ப என்ன தெரியும்? ரெண்டு லாரிக்காரன் இங்க ஜன்னல்ல நின்னு கத்தறான், உங்களை மாதிரி. நான் இவருகிட்ட, 'உங்க மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலையாம், எடத்தைக் காலி பண்ணச் சொல்றாரு'ன்னேன்.

இவரு விடுவாரா? 'நகர முடியாது, என் எடம் இது, என்ன பண்ணுவாரோ பண்ணட்டும்'னு இன்னும் உள்ள போய் வார ஆரம்பிச்சுட்டாரு. அண்ணன் திரும்பத் திரும்ப, 'நகந்தானா? நகந்தானா?' நான், 'எங்க நகர்றாரு, பிடிவாதம்'னேன். இப்படியே போச்சு, ரொம்ப நேரம்.

விஷயம் என்னன்னா தம்பி... இருங்க, தொண்டை காயுது... பெல்ட்டோட ரெண்டு முனையையும் சேத்து போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பாங்க, ஒட்டுன்னு சொல்லுவாங்க. அந்த ஒட்டு உச்சிக்குப் பக்கத்துல வந்து நின்னிருக்கு. அண்ணன் டார்ச்சடிச்சுப் பாத்தா, பாதி போல்ட்டு அறுந்து, பெல்ட்டு ஒரு சாண் கிழிஞ்சு தொங்குது. மிச்சமும் விட்டுதுன்னா? அம்புட்டு வாளியும், அம்புட்டு பெல்ட்டும், அந்த ஒசரத்துலேர்ந்து கூண்டுக்குள்ளயே சரிஞ்சு நேரா அடிப்பெட்டி. அங்க யாரு தலை இருக்கு?

சொல்லலாம்ல? 'ஒட்டு கிழிஞ்சிருக்கு'ன்னு வாயத் தொறந்து சொல்லலாம்ல? மாட்டாரு. 'கீழ கொட்டுற லட்சணத்துலதான் மேல கிழியுதுன்னு நான் ஆரம்பிச்சா, அவன் சக்கரம் கோணலும்பான்'னு ரோஷம். நகந்துட்டா போதும்னு நெனச்சிருக்காரு.

அப்புறம் பாத்தா, மண்வெட்டிச் சத்தம் கீழேர்ந்து வந்துக்கிட்டே இருக்கு. எங்க அண்ணன் வாக்கியைத் தூக்கி வீசிட்டாரு தம்பி. உச்சிக் கதவுக்குள்ள தலைய விட்டு, அந்தத் தகரக் கூண்டுக்குள்ள வாயை வச்சு ஒரு கத்து... 'மாப்ள! வெளிய வாய்யா! மேல அறுந்துருச்சுய்யா, மாப்ளேய்!' யார்டு பூரா அலறுச்சு. அந்தக் கூண்டுல பேசினா ஒலிபெருக்கி தோத்துப்போயிரும். எத்தனை மாசம் கழிச்சு அந்த 'மாப்ள'! இவரு ஒரு கணம் மலைச்சுப் போயிட்டாராம். அப்புறம் ஒடம்பை உருவி வெளிய விழுந்தாரு. கை கதவை விட்டிருக்காது, டமார்னு ஒரு வாளி. இரும்பு வாளி. ஒண்ணே ஒண்ணு கழண்டு வந்து, இவரு தலை இருந்த எடத்துல சொருகிக்கிச்சு.

...

ஒண்ணுமில்ல. தூசி. இந்த ஆலைக்கு வந்தா கண்ணுல தவிடு விழும், பழகிக்குங்க. நான் இங்கேர்ந்து ஓடினேன், செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இவரு தரையில உக்காந்து அந்த வாளியையே பாத்துக்கிட்டிருந்தாரு. 'அடி பட்டுச்சா, அடி பட்டுச்சா'ன்னு நான் தலையத் தடவிப் பாக்கறேன், இவரு என்னைத் தள்ளிவிட்டுட்டு, கூண்டுக்குள்ள தலைய நிமித்தி, 'மச்சான்... நீங்க பத்திரமா இருக்கீங்களா?'ன்னாரு.  மேலேர்ந்து மூக்கை உறிஞ்சற சத்தம் மட்டும். அதுவும் ஊருக்கே கேட்டுச்சு.

அதுக்கப்புறம் என்ன, வேலை பறக்குது! ஆளுங்களை மேல அனுப்பி பெல்ட்டைக் கயிறு போட்டு இறுக்கியாச்சு. அண்ணன் மேல சக்கரத்தைக் கையால மெல்ல மெல்லச் சுத்தறாரு, இவரு கூண்டுக்கு வெளிய நின்னு கொரல் குடுக்கறாரு. ஒட்டைக் கைக்கு எட்டுற எடத்துக்கு இறக்கி, புதுப் போல்ட்டு போட்டாகணும். வாக்கியே வேணாமாம், கூண்டுலயே பேசிக்கறாங்க. நீங்களே கேளுங்க... 'இறக்குங்க மச்சான்... இன்னும் கொஞ்சம்... போதும்.' பாத்தீங்களா? 'மோட்டார் போட்டா டேங்கு ரொம்பினதும் சொல்றேன் மாப்ள, இனிமே தண்ணி வழியாது.' சிரிக்காதீங்க, எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? துணி காயும்.

ஷ்ஷ்... இருங்க. எங்க வீட்டுக்காரர் என்னமோ கேக்கறாரு.

'கண்ணு பொடனியிலயா இருக்குன்னு கேட்டீங்களே மச்சான்?'... 'நான் எப்பய்யா அப்படிக் கேட்டேன்?'... ஐயோ, அது எதுக்கு இப்ப? வேலையப் பாக்க வேண்டியதுதானே? பழசைக் கிளறுறதே இவங்களுக்குப் பொழப்பு. என்ன? 'மூஞ்சியில முழிக்கப் பிடிக்கலைன்னீங்களே?'... 'நானா? நகரச் சொல்லுன்னேன்யா, அவ்வளவுதான்!'... 'உங்க தங்கச்சிதான் சொன்னா மச்சான்.'... 'உன் பொண்டாட்டியாச்சே மாப்ள, நீ கேட்டிருக்கலாம்ல?'...

பாத்தீங்களா தம்பி நியாயத்தை? இவ்வளவு நாள் 'என் தங்கச்சி, என் தங்கச்சி'ன்னவரு, இப்ப 'உன் பொண்டாட்டி'யாம். ரெண்டு பக்கமும் என்னைக் கழட்டி விட்டுட்டாங்க. நான் என்ன பொய்யா சொன்னேன்? அவங்க மனசுல இருந்ததைத்தான், கொஞ்சம் கண்ணு காது மூக்கு வச்சுச் சொன்னேன். நல்லதுக்குத்தானே! சொல்லுங்க, நீங்க பொதுவான ஆளு, சொல்லுங்க.

...ஏன் அமைதியாயிடுச்சு? பேச்சையே காணோமே. போல்ட்டு போட்டு முடிச்சாச்சோ? ஓ... அண்ணனும் இறங்கி வந்துட்டாரு, பூட்டைத் தொறக்கறாங்க. ஒண்ணு... ரெண்டு... அதோ, அதோ! ஓடுது! டகடகடகன்னு கேக்குதா? எலிவேட்டர் ஓடுது தம்பி! ஏழு லாரியும் மழைக்கு முன்னாடி காலியாயிடும், பாருங்க. மேனேஜர் கைதட்டுறாரு பாருங்க.

அட, அண்ணனைப் பாருங்க. முட்டிவலியோட அத்தனை படியும் இறங்கி... இவரு தோள்ல கையப் போட்டுக்கிட்டு... எவ்வளவு நாளாச்சு இப்படிப் பாத்து! கண்ணே பட்டுடும் போல. இங்கதான் வர்றாங்க. ரெண்டு பேரும் சேந்து... ஒரே மாதிரி நடக்கறாங்க... சிரிக்கறாங்களா? இங்கேர்ந்து சரியாத் தெரியல. சிரிக்கல. சிரிக்கல போலிருக்கே.

தம்பி, நீங்க எங்க எந்திரிக்கறீங்க? லோடு இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, மேல ரொம்பி, அப்புறம் கீழ வந்து... நேரமாகும். உக்காருங்க. வெளி ஆளு இருந்தா சத்தம் போட மாட்டாங்க, மரியாதை தெரிஞ்ச மனுஷங்க. ஒரு அஞ்சு நிமிஷம்! நீங்க உங்க வீட்டைப் பத்தி ஒண்ணுமே சொல்லலியே, அம்மா அப்பா எல்லாம் சௌக்கியமா? தம்பி... பின்பக்கக் கதவு வழியா எதுக்குப் போறீங்க? தம்பீ!

போயிடுச்சு... லாரி பக்கம்கூடப் போகல, டீக்கடைப் பக்கமா ஓடுது.

...வாங்கண்ணே! வாங்க, வாங்க... என்னங்க, தலையில அடி ஒண்ணும் இல்லையே? ரெண்டு பேருக்கும் டீ சொல்லட்டுமா? சூடா... கதவை எதுக்குங்க சாத்துறீங்க?