பந்தியில் இல்லாதது

லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒஸ்லோ போகும் காலை ரயிலில், எனக்கு எதிரே ஒரு தகப்பனும் மகளும் இருந்தார்கள். இங்கிலாந்தில் மருத்துவம் படிப்பதற்கான நுழைவுத் தேர்வை அவள் அன்று இரண்டாம் தடவை எழுதப் போகிறாள். போன தடவை, ஒரு பந்தியை, அதாவது சிறு பத்தியை, வாசித்து விடை சொல்லும் பகுதிதான் காலை வாரிவிட்டதாம். நான் மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மரியாதையாக ஒட்டுக்கேட்டேன்.

தகப்பன் கைபேசியில் இருந்த பயிற்சிக் கேள்வியைத் தமிழில் சொன்னார்.

"வைத்தியர் சிகிச்சையை நிப்பாட்டினார். குடும்பம் அழுதது. பந்தி அவ்வளவுதான். இனிக் கேள்வி. நோயாளி இறந்திட்டார். உண்மையோ, பொய்யோ, சொல்ல முடியாதோ?"

"சொல்ல முடியாது."

நான் மனத்துக்குள் 'உண்மை' என்று போட்டிருந்தேன். நாற்பது வருட வாசிப்பு!

"ஏன் பிள்ளை சொல்லேலாது? நிப்பாட்டினா என்ன நடக்கும்? அம்மாவுக்கு..."

"அப்பா, பந்தியிலை இருக்கிறதை மட்டும்தான் பாக்கோணும். எங்களுக்குத் தெரிஞ்சதை உள்ளுக்கை கொண்டுபோகக் கூடாது. ரியூசனிலை முதல் நாளே சொல்லித் தந்தவை."

அவர் கைபேசியை மடியில் வைத்தார்.

"போன முறையும் உப்பிடி ஒண்டு வந்ததோ?"

"ஓம்."

"என்ன போட்டனி?"

"உண்மை எண்டு."

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. அவர் கைபேசியில் விரலைத் தள்ளிக்கொண்டே இருந்தார். எதையும் வாசிக்கவில்லை.

"கேளுங்கோ அப்பா, நேரம் போகுது."

"பொறு பிள்ளை. ஒருத்தரும் சாகாத பந்தி ஒண்டு தேடுறன்."