அரிக்கன்

உலோகத்தில் வார்த்த சின்ன விமானத்தைத் துணியால் துடைக்கக் கூடாது, ஐயா. வாவிக் காற்றில் உப்பு இருக்கிறது. துணி அந்த உப்பை எடுப்பதில்லை, பெயின்ட்டின் மேல் போட்டுத் தேய்க்கிறது. மெல்லிய தூரிகையால் தட்டிவிட வேண்டும். கண்ணகைக்கு எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை தோறும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிறாள்.

உங்கள் கந்தோருக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான் கண்ணகை. காணாமல் போன கோணாமலையின் பெண்சாதி. கிரானிலிருந்து அவளை பஸ்ஸில் கூட்டி வந்தது நான்தான். அவள் கையில் இருக்கும் மனுவை எழுதியதும் நான்தான். ஐந்து வருடமாக எழுதுகிறேன். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அந்த மனுவில் இல்லை.

என் பெயர் அருமைநாயகம். சித்தாண்டியில் மணிக்கூடும் றேடியோவும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சின்ன உலோக விமானங்கள் சேர்ப்பது என் பைத்தியம். ஏறாவூர் ஹமீட் குவைத்திலிருந்து வரும்போதெல்லாம் ஒன்று கொண்டுவந்து தருவார். கண்ணாடி அலுமாரியில் பதினொன்று நிற்கின்றன. ஊரில் கேலி செய்வார்கள். வானத்தில் குண்டு போடும் பொம்மர் வந்தால் எல்லோரும் பங்கருக்குள் ஓட, நான் மட்டும் அது எந்த வகை என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கோணாமலை என் மாமி மகன். எனக்கு மச்சான். அவர் வட்டவிதானை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வட்டையின் வயல்களுக்கெல்லாம் தண்ணீர் முறை வைப்பது அவர் பொறுப்பு. அவரிடம் இருந்தது ஒரேயொரு விமானம். என் பதினொன்றையும் சேர்த்து வைத்தாலும் அதற்கு ஈடாகாது. உலக யுத்தத்தில் பறந்த ஹரிக்கேன் சண்டை விமானம், உள்ளங்கையளவு. உடம்பெல்லாம் மண்ணிறமும் பச்சையும். இறக்கையில் நீலம், வெள்ளை, சிவப்பு வட்டம். மூக்கிலிருக்கும் விசிறியை விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றும். மச்சானின் தகப்பன் அந்த யுத்தகாலத்தில் சீனன்குடா விமானத் தளத்தில் சமையல்காரர். அவர் கைச்சோறு தின்ற துரை ஒருவர் சீமைக்குப் போய்ப் பல வருடம் கழித்துத் தபாலில் அனுப்பியது. தகப்பனின் வாயில் அது அரிக்கன் ஆகிவிட்டது, அரிக்கன் லாம்பு என்கிறோமே, அதைப் போல. அந்த வீட்டில் இன்றைக்கும் அதற்கு அதுதான் பெயர்.

ஒன்றுக்கு நாலு தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். மச்சான் சிரித்தார்.

"அப்பாட சாமான் மச்சான், மாத்தேலாது. எனக்குப் புறகு உனக்குத்தான். கண்ணகை, நீ சாட்சி."

விளையாட்டுப் பேச்சு என்று எண்ணாதீர்கள். வட்டையில் யாருக்கு எப்போது தண்ணீர் என்பது எழுத்தில் கிடையாது. வட்டவிதானை வாயால் சொன்னால் சொன்னதுதான். மச்சான் ஒருநாளும் வாக்கு மாறியதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை திரும்பத் தொடங்கியபோது, இயக்கத்துக்கு வோக்கி டோக்கி திருத்திக் கொடுத்தேன் என்று ஆமிக்காரர் என்னைப் பிடித்துப் போனார்கள். திருத்தியது உண்மைதான். முகாமில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். மூன்றாம் நாள் காலை என் தலையில் ஒரு சாக்கை மாட்டி, ஜீப்பில் ஏற்றிப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். சாக்கில் இரண்டு ஓட்டை. சனம் தலையாட்டி என்று சொல்வது அப்படிப்பட்ட ஆளைத்தான். ஊர் ஆண்கள் வரிசையில் வருவார்கள். இயக்கத்தோடு தொடர்புள்ளவன் என்றால் நான் தலையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். இல்லையென்றால் சும்மா இருக்க வேண்டும்.

நான் சும்மாதான் இருந்தேன். ஐம்பது பேருக்கு மேல் போனார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள், என்னிடம் மணிக்கூடு தந்தவர்கள். கழுத்து மரத்துப்போகும் அளவுக்கு ஆடாமல் இருந்தேன். பக்கத்தில் நின்ற ஆமிக்காரன் கையிலிருந்த துவக்கின் அடிக்கட்டையால் என் முழங்காலில் இடித்தான். ஒருவனையாவது காட்டு என்று அர்த்தம்.

அப்போது மச்சான் வந்தார்.

என் செருப்பின் வார் அறுந்தபோது சிவப்பு வயரால் கட்டித் தந்தவர் அவர்தான். ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றவர் குனிந்து அந்தச் செருப்பைக் கண்டார். சாக்குக்குள் யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அதுவரை வெளிறிப்போயிருந்த முகம் தெளிந்தது. மச்சான்தானே, இனிப் பயமில்லை என்று நினைத்திருப்பார். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு வெடிக்கிறது, ஐயா. ஒருவரும் என்னை அப்படி நம்பியதில்லை.

நான் தலையை ஆட்டினேன்.

பயத்தில் செய்தேன் என்றால் நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். நானும் பல நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். படுவான்கரைக்குப் போய்வருகிறவர், அங்கே இயக்கம் இருக்கிறது, எப்படியும் ஒருநாள் பிடித்திருப்பார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன். ஆனால் முழங்காலில் இடித்த பிறகும் மூன்று பேரை விட்டேன். நாலாவதுதான் மச்சான். அவர் முகத்தைப் பார்த்தபோது என் மனதில் அந்த விசிறி சுற்றியது. அவ்வளவுதான் நடந்தது.

மறுநாள் மத்தியானம் முகாமில் சோறு சமைக்கும் குசினிக்குப் பின்னால் டயர் அடுக்கினார்கள். மேலே கிடத்தியவரின் இடுப்பில், மைதானத்தில் மச்சான் உடுத்திருந்த அதே நீலச் சாறனை ஜன்னலால் கண்டேன். அவர் அசையவில்லை. பிறகு புகைதான். ஏழெட்டு நாளில் என்னை விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து கண்ணகைக்கு நான்தான் துணை. எத்தனை முகாம், எத்தனை சிறைச்சாலை, எல்லாவற்றின் வாசலிலும் அவளோடு நின்றிருக்கிறேன். மை போட்டுப் பார்ப்பவரிடமும் கூட்டிப்போனேன். ஆள் தெற்கே உயிரோடு இருக்கிறார் என்றார் அவர். கண்ணகை அழுதாள். அவள் படும் பாட்டைப் பார்த்து நானும் அழுதேன், பொய்யாக இல்லை.

மூன்றாம் வருடம் மெல்லக் கேட்டேன். அரிக்கன் துடைத்துத் துடைத்து வெளுக்கிறது, என்னிடம் இருந்தால் பத்திரமாக இருக்கும், மச்சான் சொன்னதும் உனக்குத் தெரியும் என்றேன். அவள் கோபிக்கவில்லை.

"அவருக்குப் புறகுதானே அண்ணன் உங்களுக்கு? அவர் இருக்கக்குள்ள நான் எப்பிடி எடுத்துத் தாற? தந்தா அவர் இல்லையெண்டு நானே சொன்ன மாதிரி. வருவார், வந்து அவர் கையால தரட்டும்."

நெற்றியில் பெரிய பொட்டு. கழுத்தில் தாலி. ஒவ்வொரு நேரமும் அவருக்கு ஒரு கோப்பை சோறு எடுத்து மூடி வைக்கிறாள். எப்படி அவளிடம் சொல்வது?

அதனால்தான் உங்களிடம் வந்தேன். காணாமல் போனவர்களுக்கு இப்போது மரணச் சான்றிதழ் கொடுக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கண்ணால் கண்ட சாட்சி நான். திகதி, இடம், எல்லாம் சொல்கிறேன். தலையாட்டியது நான் என்பதையும் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன். அவளுக்கு ஒரு முடிவு வேண்டும். ஐந்து வருடம் காத்திருந்தது போதும். இதை அவளுடைய நிம்மதிக்காகத்தான் செய்கிறேன், வேறு ஒன்றுக்கும் இல்லை.

ஒன்று மட்டும். சான்றிதழை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள், ஐயா. தலையாட்டியது யார் என்பதை அவளுக்கு நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுக்குப் போனதும் அரிக்கனைத் துடைக்க எண்ணெய் எடுப்பாள். இடது இறக்கையில் சிவப்பு ஏற்கெனவே போய்விட்டது.